மைனி கொடுத்த குழந்தை சீட்

சைக்கிள் பாரில் மாட்டும் குழந்தை சீட் ஒன்று எங்கள் வீட்டுக்கு வந்தபோது, அது எப்படி இருக்கிறது என்று ஒருத்தரும் பார்க்கவில்லை. யார் கொடுத்தது என்று மட்டும் கேட்டார்கள். இத்தனை வருஷம் கழித்தும் அதை நினைத்தால் எனக்கு ஆத்திரம் பொத்துக்கொண்டு வருகிறது.

நான் பிறந்தது பனவடலிசத்திரத்துக்குப் பக்கத்தில். எங்கள் வீட்டில் மாடு வாங்கப் போனால் விற்கிறவர் சொந்தச் சித்தப்பாவாக இருந்தாலும் மாட்டின் வாயைப் பிளந்து பல்லைப் பார்ப்பார்கள். நாலடி நடக்கவிட்டுக் குளம்பைப் பார்ப்பார்கள். சித்தப்பா அதற்காகக் கோபித்துக்கொண்டதில்லை. அவர் வாங்கும்போதும் அப்படித்தான் பார்ப்பார். வாழ்க்கைப்பட்டு சங்கரன்கோவிலுக்கு வந்த பிறகுதான், கொடுத்த கையைப் பார்த்துப் பொருளை எடை போடும் மனிதர்களைப் பார்த்தேன். அதுவும் என் புகுந்த வீட்டு மனிதர்கள்.

எண்பதுகளின் தொடக்கம் அது. என் வீட்டுக்காரருக்கு நூல் கடையில் வேலை. காலையில் சைக்கிளில் போகும் வழியில்தான் பால்வாடி இருந்தது. மகளுக்கு மூன்று வயது முடிந்திருந்தது. கல்யாணமாகி வெகுகாலம் கழித்துப் பிறந்தவள். "ஒண்ணுமில்லையா இன்னும்?" என்று கேட்டுக் கேட்டு ஊரே ஓய்ந்த பிறகு வந்தவள். அவளைக் கடைக்குப் போகிற வழியில் அப்பாவே இறக்கிவிட்டுப் போகலாம் என்று முடிவானது. கேரியரில் தனியாக உட்காரும் வயசில்லை. பாரில் துண்டைச் சுற்றி உட்கார வைத்தால் சறுக்குகிறாள். அப்போதுதான் மைனி அந்த சீட்டைக் கொண்டுவந்தார்.

மைனி என்றால் என் வீட்டுக்காரரின் அக்கா. அடுத்த தெருவில்தான் வீடு. சீட்டைக் குழந்தையைத் தூக்கி வருவது போல இடுப்பில் வைத்துக்கொண்டு வந்தார்.

"மூணு பிள்ளைய ஒக்கார வச்சு வளத்த சீட்டு இது. மூணும் நல்லா இருக்குதுவ. ராசியான சாமான். யார் யாரெல்லாமோ கேட்டாவ, குடுக்கலையே. ஒனக்கு ஒரு பிள்ள பொறக்கட்டும்னு பரண்ல ஏத்தி வச்சிருந்தேன். இப்பத்தான் பெயின்ட் அடிச்சு, புத்துமண்ணும் தொட்டு வச்சுக் கொண்டாந்துருக்கேன்" என்றார்.

சொல்லும்போது அவருக்குக் கண் கலங்கியது. அதை நான் மறைக்கப் போவதில்லை. அந்த சீட்டை அவர் வஞ்சகமாகக் கொடுக்கவில்லை. வஞ்சகமாகக் கொடுத்திருந்தால் ஒரு சண்டையோடு முடிந்திருக்கும். பாசமாகக் கொடுத்தார், அதுதான் வினை.

சீட் பார்க்க நன்றாகத்தான் இருந்தது. வளைத்த இரும்புக் கம்பி, மேலே ரெக்சின் மெத்தை, குழந்தை பிடித்துக்கொள்ள முன்னால் ஒரு கம்பி. பச்சை எனாமல் பெயின்ட் வாசம் இன்னும் போகவில்லை. கால் வைக்க இரண்டு பக்கமும் சின்ன மிதி இருக்க வேண்டும். வலது பக்கம் இருந்தது, இடது பக்கம் இல்லை. பாரில் கொக்கி போல மாட்டும் கம்பியும் சீட்டும் சேரும் இடத்தில் புற்றுமண் அப்பியிருந்தது. எங்கள் ஊரில் புற்றுமண் இல்லாத வீடு கிடையாது. அம்மன் கோயில் புற்றிலிருந்து எடுத்து வருவார்கள். சிரங்குக்குப் பூசுவோம், பூச்சிக்கடிக்குப் பூசுவோம். எனக்கும் அதில் நம்பிக்கை உண்டு. ஆனால் சிரங்கு இருக்கிற இடத்தில்தானே மண்ணைப் பூசுவோம்? இரும்புக்கு ஏன், அதுவும் அந்த ஒரே இடத்தில் ஏன் என்று மனசுக்குள் ஒரு அரிப்பு.

மறுநாள் காலையில் ஈரத்துணியை எடுத்து அந்த மண்ணைத் துடைத்துவிட்டேன். அடியில் நெல்லிக்காய் அளவுக்கு ஒரு கட்டி. உடைந்த கம்பியைச் சேர்த்து வெல்டிங் வைத்த கட்டி. புதுப் பெயின்ட் அடித்தும் கட்டியின் ஓரத்தில் முடி போல ஒரு கோடு ஓடியிருந்தது. சீட்டைத் தரையில் வைத்து அமுக்கிப் பார்த்தேன். ஒரு பக்கமாகச் சாய்ந்தது.

வீட்டுக்காரரைக் கூப்பிட்டுக் காட்டினேன். அவர் கட்டியைப் பார்க்கவில்லை. என் கையிலிருந்த துணியைப் பார்த்தார்.

"ஏட்டி, புத்துமண்ண எதுக்குத் தொடச்ச?"

"இங்கன பாருங்க, ஒடஞ்ச கம்பியப் பத்த வச்சிருக்கு."

"அக்கா ஆசையா தொட்டு வச்சதத் தொடச்சிட்டு நிக்கியே, வெளங்குமா?"

அவரைப் பொறுத்தவரை சீட்டில் நடந்த ஒரே தப்பு நான் துடைத்ததுதான். சாயந்தரமே சீட்டை எடுத்துக்கொண்டு சைக்கிள் கடைக்குப் போனேன். கடைக்காரர் அதைக் கையில் வாங்கினார். திருப்பிப் பார்ப்பார் என்று நினைத்தேன்.

"யாரு குடுத்தா?" என்றார்.

சொன்னேன்.

"அவ்வொ குடுத்ததா? பெறகு என்ன சந்தேகம்? அவ்வொ வீட்டுச் சாமான் எப்பவும் கெட்டியாத்தான் இருக்கும்" என்று சொல்லிக்கொண்டே சீட்டை முழங்காலில் ஒரு தட்டுத் தட்டினார். "யானையே ஒக்காரலாம்மா. மாட்டிக் குடுத்துறட்டா?"

யானையைப் பால்வாடியில் யார் சேர்க்கப் போகிறார்கள்? என் மகளைப் பற்றியல்லவா நான் கேட்டேன். இந்தக் கோட்டைப் பாருங்கள் என்று விரலால் காட்டினேன். "பெயின்ட் வெடிச்சிருக்கும்" என்றார், குனியாமலே. மாட்ட வேண்டாம் என்று வாங்கிக்கொண்டு வந்துவிட்டேன்.

சரி, கேட்க வேண்டிய இடத்திலேயே கேட்டுவிடலாம் என்று மைனி வீட்டுக்குப் போனேன். பழைய சாமானைப் பற்றித் தெரிந்துகொள்ள வேண்டிய முக்கியமான சங்கதி ஒன்றுதான். அது எப்போதாவது கீழே விழுந்ததா? விழுந்தது என்றால் எப்படி விழுந்தது? இதைக் கேட்பதில் என்ன குற்றம் என்று எனக்கு இன்றுவரை புரியவில்லை.

"மைனி, கோவிச்சுக்கிடாதீங்க. இந்த சீட்டு எப்பவாவது விழுந்துருக்கா?"

மைனி இரண்டு கையாலும் காதைப் பொத்திக்கொண்டார்.

"பிள்ளைக்குக் குடுத்த சாமானப் பத்திப் பேசும்போது அந்த வார்த்தையச் சொல்லலாமா? பெத்தவ வாயில வரலாமா அது?"

எங்கள் பக்கத்தில் விளக்கை அணை என்று சொல்லமாட்டார்கள், குளிர வை என்பார்கள். தாலிக்கயிறு அறுந்தது என்று சொல்லமாட்டார்கள், பெருகிவிட்டது என்பார்கள். நானும் அப்படிப் பேசி வளர்ந்தவள்தான். ஆனால் விளக்கைக் குளிர வைத்தாலும் இருட்டு இருட்டுத்தான். விழுந்த சீட்டை என்ன சொல்லிக் கேட்பது? அதற்கொரு மங்கலமான வார்த்தை இருந்திருந்தால் அதைச் சொல்லியே கேட்டிருப்பேன்.

"சரி, சொல்லல. அந்தக் கம்பிய எதுக்குப் பத்த வச்சீங்க?"

"இரும்புன்னா பத்த வைக்கத்தான் செய்வாங்க" என்றார் மைனி. முற்றத்தில் அவருடைய இரண்டாவது மகன் உட்கார்ந்து பம்பரத்துக்குச் சாட்டை சுற்றிக்கொண்டிருந்தான். அவன் இடது குதிகாலில் சதையைச் சீவி எடுத்தது போல ஒரு பெரிய தழும்பு உண்டு. சின்ன வயசில் வெந்நீர் கொட்டியது என்று கல்யாணமாகி வந்த நாளிலிருந்து எனக்குச் சொல்லியிருந்தார்கள். அன்றைக்கும் அது கண்ணில் பட்டது. வெந்நீர் என்றே நினைத்தேன்.

அதன்பிறகு வீட்டில் நடந்ததுதான் கொடுமை. அக்கா சாப்பிடவில்லையாம். அக்கா அழுதுகொண்டே இருக்கிறதாம். ராசியான பொருளைத் தூக்கிக் கொடுத்தால் குறை சொல்லுகிறாளே என்று யாரோ கேட்டார்களாம். என் வீட்டுக்காரர் காலையிலும் சாயந்தரமும் இதையே சொன்னார். சீட்டைப் பற்றி ஒரு சொல் கிடையாது. அந்தக் கோடு நீண்டிருக்கிறதா, அதையாவது பார்ப்போம் என்ற எண்ணம் கிடையாது. கடைசியில் ஒருநாள் சைக்கிளில் சீட்டை அவரே மாட்டிவிட்டு வந்து நின்றார்.

"பிள்ளையத் தூக்கிட்டு வா. இன்னிக்கு இதுல ஒக்காரலன்னா அக்கா வீட்டு வாசப்படி மிதிக்க முடியாது."

"வாசப்படி மிதிக்க முடியாட்டா போகட்டும். எம்பிள்ள ஒக்காரமாட்டா."

"ஒனக்கு எங்க அக்கா மேல நம்பிக்க இல்ல, அதச் சொல்லு."

"ஒங்க அக்கா மேல எம்பிள்ளைய ஒக்கார வைக்கச் சொல்லுங்க, இப்பவே வைக்கேன். இந்தக் கம்பி மேல வைக்கமாட்டேன்."

மகள் கதவுக்குப் பின்னாலிருந்து, "பச்ச சீட்டு எனக்கு" என்று அழுகிறாள். அவளுக்கும் ஆசை. அப்பா முகத்தைத் தூக்கி வைத்திருக்கிறார். அவளை ஏற்றிவிட்டால் அந்த நிமிஷமே எல்லாருக்கும் நான் நல்லவள். அதுதான் என்னை இன்னும் மூர்க்கமாக்கியது. சாக்குப் பையை எடுத்தேன். அரிசியை அள்ளிப் போட்டேன். ஒரு கையில் மகளைத் தூக்கி, மறு கையில் பையைத் தூக்கி, இரண்டும் ஒரே கனம் என்று தோன்றும்வரை போட்டேன். பையைக் கொண்டுபோய் அந்த சீட்டில் வைத்து, துண்டால் சுற்றிக் கட்டினேன்.

"இதக் கூட்டிட்டுப் போங்க. ரயில்வே கேட்டத் தாண்டிட்டு வாங்க. அரிசி பத்தரமா வந்தா பிள்ளைய ஏத்துதேன், ஒங்க அக்கா கிட்ட மன்னிப்பும் கேக்கேன்."

என் வாயை அடைக்க இதைவிட நல்ல வழி கிடைக்காது என்று அவர் நினைத்திருக்க வேண்டும். கிளம்பினார். மகளை இடுப்பில் வைத்துக்கொண்டு நானும் பின்னாலேயே நடந்தேன். அவர் மெதுவாகத்தான் மிதித்தார். தெருவில் சிரிப்பு. தறி ஓடும் வீட்டிலிருந்து எட்டிப் பார்த்த ஒருவர், "என்ன அண்ணாச்சி, பிள்ள இங்கன இடுப்புல வருது, அரிசியவா பள்ளிக்கூடத்துல சேக்கியோ?" என்று கேட்டார். இன்னொருவர், "அரிசிக்குத் தொப்பி போட்டு விடுங்க, வெயிலு அடிக்கு" என்றார். என் வீட்டுக்காரரின் பிடரி சிவந்து போனது. சிரிக்கட்டும் என்று நடந்தேன். சிரிக்கிறவர்களில் ஒருத்தராவது அந்தக் கம்பியைக் குனிந்து பார்க்கட்டுமே.

கேட்டில் தண்டவாளத்துக்கு இரண்டு பக்கமும் ரோடு பள்ளமாகக் கிடக்கும். முன் சக்கரம் அதில் இறங்கி ஏறியது. டக் என்று ஒரு சத்தம் வந்தது. பெரிய சத்தம்கூட இல்லை. சீட் இடது பக்கமாக மடங்கியது. பை சரிந்து சக்கரத்தில் விழுந்தது. துண்டு கம்பிகளுக்குள் சுற்றிக்கொள்ள, அதோடு சாக்கின் மூலையும் உள்ளே போய்விட்டது. அவர் காலை ஊன்றி நின்றுவிட்டார். தண்டவாளத்திலும் ரோட்டிலும் அரிசி கொட்டிக் கிடந்தது.

நான் ஓடிப்போய்ப் பார்த்தது அரிசியை அல்ல. சாக்கின் மூலையை. சக்கரத்துக் கம்பிகள் அதைக் கடித்துக் குதறியிருந்தன. மிதி இல்லாத பக்கம். என் மகளின் கால் தொங்கியிருக்கும் இடம். இடுப்பிலிருந்த அவள் பாதத்தைக் கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டேன். அந்த ரோட்டிலேயே உட்கார்ந்துவிட்டேன். அழுகையும் வந்தது. ஜெயித்துவிட்டோம் என்ற எண்ணம் துளியும் இல்லை.

அவர் முகமும் வெளிறித்தான் போயிருந்தது. சாக்கின் மூலையைச் சக்கரத்திலிருந்து இழுத்து எடுத்தார். இப்போதாவது ஒரு வார்த்தை சொல்வார் என்று நிமிர்ந்து பார்த்தேன்.

"வாய வச்சிட்டியே" என்றார்.

வாயை வைத்தேனாம். வெல்டிங் வைத்தவன் ஒழுங்காக வைக்கவில்லை என்பது பேச்சில்லை. கம்பி உடையும் என்று சொன்னதால் கம்பி உடைந்ததாம்! என் வாய்க்கு அவ்வளவு சக்தி இருந்தால் நான் முதலில் வேறு எதையெல்லாமோ உடைத்திருப்பேன்.

நாங்கள் வீட்டுக்குத் திரும்பும் முன்பே சேதி மைனிக்குப் போய்விட்டது. வாசலில் நின்றார். உடைந்த சீட்டை வாங்கி மடியில் வைத்துக்கொண்டு அழுதார். தெருக்காரர்கள் சிலர் கூடிவிட்டார்கள். எல்லார் முன்னாலும் மைனி என்னைப் பார்த்துக் கேட்டார்:

"எம்பய விழுந்தப்பகூட இப்பிடி ரெண்டாப் போகலையே இது! நீ கண்ணு வச்சு, வாய வச்சு, ஒரேயடியா ஒடச்சுப் போட்டியே!"

சொல்லக் கூடாத அந்த வார்த்தை மைனி வாயிலேயே வந்துவிட்டது. சுற்றி நின்றவர்கள் யாருக்கும் அது கேட்ட மாதிரி தெரியவில்லை. ஒருவர் செருப்பைச் சரி செய்தார். என் வீட்டுக்காரர் சைக்கிள் செயினைப் பார்த்தார்.

"எப்ப மைனி விழுந்தான்?" என்றேன்.

மைனி மூக்கைச் சிந்தினார்.

"குதிகால் தழும்பு வெந்நீர் இல்லையா மைனி?"

"அதெல்லாம் ஆறிப்போன விசயம்" என்றார் மைனி. "கம்பிக்குள்ள கால் போனது வாஸ்தவந்தான். கொஞ்சம் சதையோட போச்சு. கால் போச்சா? நடக்கான்லா? ஓடுதான்லா? அப்பிடிக் காப்பாத்துன சீட்டு இது. அதாம்ட்டி சொல்லுதேன், ராசியான சீட்டுன்னு!"

அவர் பொய் சொல்லவில்லை. அதை அப்படியேதான் நம்பினார். ஒரு குழந்தையின் குதிகாலைச் சீவி எடுத்த இரும்பை, காலை மிச்சம் வைத்ததற்காகக் கையெடுத்துக் கும்பிட்டார். எத்தனை வருஷம் அந்த வீட்டில் எல்லாரும் சேர்ந்து வெந்நீர் வெந்நீர் என்று சொல்லியிருக்கிறார்கள்! சீட்டின் ராசி கெட்டுவிடக் கூடாது என்று. என் வீட்டுக்காரருக்கும் தெரிந்திருக்கிறது. தெரிந்தேதான் பிள்ளையைத் தூக்கிட்டு வா என்று வாசலில் நின்றிருக்கிறார். அன்று சாயந்தரம்வரை நான் அவரோடு பேசவில்லை. பேசியபோது நான் பேசியதை எழுத முடியாது.

அந்த உடைந்த இரும்பைப் பழைய இரும்புக் கடையில் போடுங்கள் என்று மைனியிடம் கெஞ்சினேன். மிரட்டியும் பார்த்தேன். அவர் முந்தானையில் மூடி எடுத்துக்கொண்டு போய்விட்டார். மகளைப் பால்வாடிக்கு நானே நடத்திக் கூட்டிப்போனேன். மழை, வெயில் எல்லாவற்றிலும் நடந்தோம். தெருவில் எனக்குப் பெயர் கெட்ட வாய்க்காரி. ஆடித்தபசு வந்தது, தீபாவளி வந்தது, மைனியோடு பேச்சும் திரும்பி வந்தது. சீட்டைப் பற்றி மட்டும் இரண்டு பேரும் எடுக்கவில்லை.

மகள் ஒன்றாம் வகுப்பில் சேர்ந்திருந்த சமயம். ஒரு காலையில் அவள் கையைப் பிடித்துத் தேரடிப் பக்கம் நடந்து வந்துகொண்டிருந்தேன். பின்னாலிருந்து சைக்கிளில் மைனியின் கொழுந்தன் வந்தார். முன்னால் பாரில் அவருடைய சின்ன மகன். நீல சீட். பெயின்ட் பளபளவென்று இருந்தது. இடது பக்கம் மிதி இல்லை.

கையை நீட்டி மறித்தேன். பிரேக் போட்டு இறங்கினார்.

"தம்பி, இத யாரு குடுத்தா?" ஊர் கேட்கும் கேள்விதான் என் வாயிலும் முதலில் வந்தது. பதில் எனக்குத் தெரிந்ததுதான்.

"மைனிதாங்க்கா. நல்ல ராசியான சீட்டு. ஒரு பிள்ளைக்கு வந்த கண்டத்தையே இது வாங்கிக்கிட்டாம்லா! அரிசி மூட்டையோட எல்லாம் போச்சாம், பிள்ள மேல ஒரு தூசிகூடப் படலையாம். கண்ணேறு கழிஞ்ச சீட்டுன்னு கேட்டு வாங்கிட்டு வந்தேன்" என்றார் சந்தோஷமாக.

அந்தப் பிள்ளை யார், அந்த அரிசியைக் கட்டியது யார் என்று அவருக்குத் தெரியாமல் இருக்காது. ஆனால் கதை அப்படித் திரும்பியிருந்தது. நான் உடைத்துக் காட்டியது சீட்டின் மகிமையாகிவிட்டது. கொக்கி சேரும் இடத்தைக் குனிந்து பார்த்தேன். புற்றுமண் அப்பியிருந்தது. புதிது, இன்னும் காயவில்லை.

"தம்பி, இது விழுந்த சீட்டு. ரெண்டு தடவ விழுந்தது. ரெண்டு தடவ ஒடஞ்சது" என்று நடுரோட்டில் நின்று உரக்கச் சொன்னேன்.

"காலங்காத்தால என்னக்கா வார்த்த இது!" என்று அவர் முகத்தைச் சுருக்கினார்.

நான் குழந்தையின் இரண்டு அக்குளிலும் கையைக் கொடுத்துத் தூக்கி என் இடுப்பில் வைத்துக்கொண்டேன். அவன் அழவில்லை. என் மகளைப் பார்த்துச் சிரித்தான்.

"அக்கா, எங்க தூக்கிட்டுப் போறீங்க?"

"பால்வாடிக்குத்தான். எனக்கும் அதான் வழி. இனி தெனமும் நான் வந்து கூட்டிட்டுப் போறேன். அந்த ராசியான சீட்டுல நீங்க அரிசி மூட்டைய வச்சு ஓட்டுங்க."

அவர் ஏதோ சொல்லிக்கொண்டே சைக்கிளைத் தள்ளிக்கொண்டு பின்னால் வந்தார். நான் திரும்பிப் பார்க்கவில்லை. நடக்க நடக்கப் பையனின் குதிகால் இரண்டும் என் சேலையில் இடித்துக்கொண்டே வந்தன. ஒன்றிலும் ஒரு கீறல்கூட இல்லை.